முகூர்த்தத்துக்கு முன் போட்ட இலை

மாமா வீட்டு முற்றத்தில் துணி காயப்போடும் கயிற்றை நடுவில் தாங்கி நிற்பதைப் பார்க்கிறவர்கள் ஏதோ கம்பு என்றுதான் நினைப்பார்கள். அது கம்பு இல்லை, பாயசம் கிண்டுகிற துடுப்பு. பலா மரத்தில் செய்தது, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். பிடி மண்ணில் ஊன்றியிருக்க, அகன்ற தலைப்பக்கம் மேலே வானத்தைப் பார்த்து நிற்கிறது. கயிறு நழுவாமலிருக்க அதன் உச்சியில் ஒரு வெட்டு. வெட்டுக்கத்தி எடுத்து அந்த வெட்டைப் போட்டது மாமாவேதான் என்று அத்தை ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் துடுப்பைப் பார்க்கும்போது மற்றவர்களுக்குப் பாவமாக இருக்கலாம். எனக்குக் கோபம்தான் வருகிறது. வருடம் போகப்போக ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை.

சொந்த மாமா இல்லை. எங்கள் தெருக்காரர். கலியாணச் சமையலுக்குத் தலைமையாக நிற்பவரை எங்கள் பக்கம் தவசுப்பிள்ளை என்போம். நாகர்கோவிலைச் சுற்றி எந்த மண்டபத்தில் பந்தி போட்டாலும் அவியல் வாசனையை வைத்தே இன்றைக்கு மாமா கைதான் என்று ஆட்கள் சொல்லிவிடுவார்கள். மேல்சட்டை போடமாட்டார். தோளில் ஈரத் துவர்த்துத் துண்டு, காதில் ஒரு பீடி, அதையும் பற்றவைக்காமலே வைத்திருப்பார். சமையல் நடக்கும் கொட்டகைக்கு, அதாவது ஆக்குப்புரைக்கு, அவர்தான் ராஜா. செருப்போடு உள்ளே வந்த கலியாண வீட்டுக்காரரையே "வெளிய போவும் ஓய், இது ஒம்ம வீட்டுப் பூமுகமில்ல" என்று விரட்டியவர். சிறு வயதில் நான் அந்தக் கொட்டகை வாசலில் போய் நின்றால் "ஏட்டி, கைய நீட்டு" என்பார். உள்ளங்கையில் ஒரு சொட்டு சக்கப் பிரதமன், அதாவது பலாப்பழப் பாயசம், விழும். "சர்க்கர போதுமா சொல்லு" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் திரும்பிவிடுவார். பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும், கேட்பது என்னைப் பெரிய மனுஷியாக்குவதற்காக. ஊரில் என்னை அப்படி வேறு யாரும் ஆக்கியதில்லை.

நான் படித்து ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். வண்டி ஓட்டுபவரை எங்கள் வேலையில் பைலட் என்று சொல்வோம். எனக்கு வாய்த்த பைலட் அண்ணன் மணவாளக்குறிச்சி கடற்கரைக்காரர். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். வேலையில் சேரும்போது இரத்தம், விபத்து, பாதி வழியில் பிரசவம் இதெல்லாம்தான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வண்டி வாசலில் நிற்க, மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் கிடப்பவர் "நான் வரல்ல" என்பாரே, அதற்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமேயில்லை. நினைவோடு இருக்கிற பெரிய மனிதர் வேண்டாம் என்றால் தூக்கிப் போட்டுக்கொண்டு வர எனக்கு உரிமை கிடையாது. கிடையாது என்பது சரியும்கூட. எடுத்துச் சொல்லலாம், மறுபடி சொல்லலாம், டாக்டரைப் போனில் பேச வைக்கலாம், கெஞ்சலாம். கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பலாம். "வருகிறீர்களா" என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பது சீக்கிரமே புரிந்தது. "போவதற்கு முன்னால் என்ன பாக்கி இருக்கு?" என்று கேட்க வேண்டும். ஒருவருக்குப் பசு கறக்க ஆளில்லை. ஒரு அக்காவுக்கு அழுக்குச் சேலையோடு ஆஸ்பத்திரியில் இறங்க வெட்கம். ஒரு உபதேசியாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியவேண்டும். அந்தப் பாக்கியைத் தீர்த்துக் கொடுத்தால் மெல்ல எழுந்து வந்துவிடுவார்கள்.

அன்றைக்குக் கோட்டாற்றில் ஒரு மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. கூப்பிட்டது கலியாண வீட்டுக்காரர்கள் இல்லை. தேங்காய் திருவுகிற ஒரு பெண், யாருக்கும் தெரியாமல் கூப்பிட்டிருக்கிறாள். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருந்தது, நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் வண்டியைக் கண்டதும் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்ற ஆட்கள் பேயைக் கண்டவர்கள் மாதிரி ஒதுங்கினார்கள். பட்டுச்சட்டை போட்ட ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். கலியாணப் பெண்ணின் அப்பா.

"இங்க யாரும் விளிக்கல்லியே. எடுங்க, எடுங்க, வண்டிய எடுங்க. நல்ல காரியம் நடக்குத எடமாக்கும்."

பைலட் அண்ணன் கண்ணாடியை இறக்கி, "விளிக்காம வாறதுக்கு இது என்ன ஐஸ் வண்டியா ஓய்?" என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசனை வந்த பக்கமாக நடந்தேன்.

மாமா கவிழ்த்துப் போட்ட ஒரு அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தார். யாருக்காக அழைப்பு வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. முகம் சாம்பல் நிறம். இடது கையை வலது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் காலி சோடா பாட்டில்கள், தட்டிய சுக்கு, ஒரு துண்டு பெருங்காயம். எங்கள் ஊரில் நெஞ்சில் வருகிற எதுவும் நெஞ்சு வலி இல்லை, கேஸ். மாரைப் பிடித்துக்கொண்டு ஒருவன் சாய்ந்தால் சோடா உடைத்துக் கொடுத்து ஏப்பம் வருகிறதா என்று சுற்றி நின்று பார்ப்பார்கள். ஏப்பம் வந்தால் உயிர் வந்தது என்று அர்த்தம். அன்றைக்கும் மாமாவுக்கு ஒரு ஏப்பம் வந்திருக்கிறது, அதோடு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

"ஒண்ணுமில்ல மக்கா, கேஸாக்கும். வெறும் வயித்துல சாயா குடிச்சேன், அது ஏறிப்போச்சு" என்றார். அவர் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்புச் சூட்டில் வருகிற வேர்வை சூடாக இருக்கும். இது குளிர்ந்து கிடந்தது. பிரஷர் இறங்கியிருந்தது. "வலி தாடைக்கு ஏறுகா மாமா?" என்று கேட்டேன். அவர் அடுப்பிலிருந்த உருளியைப் பார்த்தார். உருளியில் பிரதமன் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பையன் அந்தப் பெரிய துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தான். "அடியத் தொட்டுக் கிண்டுலே" என்று மாமா அவனிடம் சொன்னார். குரல் பாதிதான் வந்தது.

இது மாரடைப்பு, நேரம் போகப்போக இதயம் செத்துக்கொண்டே போகும், இப்போதே கிளம்பினால் பிழைக்கலாம் என்று சுற்றிவளைக்காமல் சொன்னேன். மாத்திரையைக் கொடுத்துக் கடித்து விழுங்கச் சொன்னேன், விழுங்கினார். டாக்டரைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். "செரி சார், செரி சார்" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனை என்னிடமே நீட்டினார். "பந்தி முடியட்டு, பொறவு வாறேன்."

அதற்குள் பெண்ணின் அப்பாவும் நாலைந்து உறவுக்காரர்களும் ஆக்குப்புரைக்கு வந்துவிட்டார்கள். மாமா சொன்னது அவர் காதில் தேனாக விழுந்தது. "அவரு வரல்லன்னு சொல்லுகாருல்லா? பொறவு நீங்க எதுக்கு நிக்கியோ? கையெழுத்து போடணும்னா நான் சாட்சி போட்டுத் தாறேன்." கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். "அவருக்க இஷ்டம்தானே", "வயசான மனுசன், கட்டாயப்படுத்தப்பிடாது", "அவருக்க உடம்பு அவருக்குத் தெரியாதா?" ஆகா, என்ன ஒரு மரியாதை! அடுத்தவர் விருப்பத்துக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கிற மனிதர்களை ஒரே இடத்தில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெண்ணுக்கு இந்த மாப்பிள்ளை இஷ்டமா என்று அதே வாய்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்குமா, தெரியாது. அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான், பிரதமன் இறங்க வேண்டும். மாமாவின் "வரல்ல" அதற்கு வசதியாகக் கிடைத்த சொல்.

அவர்களை வெளியே போகச் சொன்னேன். போகவில்லை. பைலட் அண்ணன் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்து, "ஏலே, காத்து வரட்டும், வெலகுங்கலே!" என்று ஒரு சத்தம் போட்டார். நாதஸ்வரமே ஒரு நொடி நின்று வாசித்தது போலிருந்தது. எல்லோரும் விலகினார்கள்.

நான் மாமாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "மாமா, போறதுக்கு முன்னால என்ன பாக்கி இருக்கு?" என்று கேட்டேன். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "ஆக்குப்பெரைக்க உள்ள இருந்து தவசுப்பிள்ளையத் தூக்கிட்டுப் போனா அந்தச் சோத்த எவன் மக்கா திம்பான்? பாதிப் பந்தி எந்திச்சுப் போவும். அந்தப் பிள்ளைக்க கலியாணமாக்கும். பொறவு என்னைய எவன் விளிப்பான்? அதுவுமில்லாம இன்னும் பிள்ளையாருக்கு இலை போடல்ல."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. தாலி கட்டி முடிந்ததும் குத்துவிளக்குக்கு முன்னால் பிள்ளையாருக்கு ஒரு தலைவாழை இலை போட்டு, உப்பிலிருந்து பாயசம்வரை எல்லாவற்றிலும் கொஞ்சம் விளம்புவார்கள். அடுப்பு பற்றவைத்த கைதான் அந்த இலைக்கு விளம்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் மனிதர்களுக்குப் பந்தி. பாதியில் கை மாறினால் தோஷம் என்பார்கள்.

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ மாமா" என்றேன். நம்பித்தான் சொன்னேன். "இலைய இப்பமே போடுவோம். இங்கயே போடுவோம். நீங்க விளம்புங்க, விளம்பிட்டு என்கூட வாங்க. செரியா?"

அவர் கண்ணில் முதல் தடவையாக ஒரு அசைவு வந்தது. பெண்ணின் அப்பாவோ குதித்தார். "தாலி கெட்டாம இலை போடுகதா? ஒலகத்துல உண்டா இப்படி? எனக்க பிள்ளைக்க வாழ்க்கையாக்கும்!" நானும் குதித்தேன். சீருடை போட்டுக்கொண்டு அப்படிக் கத்தக்கூடாதுதான். ஆனால் ஒரு மனிதர் கண்முன்னால் செத்துக்கொண்டிருக்க, இலையை எப்போது போடுவது என்று பஞ்சாங்கம் பேசுகிறவரிடம் வேறு எப்படிப் பேசுவது? எங்கள் சத்தம் கேட்டுப் பெண்ணின் அம்மா வந்தாள். கழுத்து நிறைய நகை, கையில் வெற்றிலைத் தட்டம். மாமாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். திரும்பிப் போய், எரிகிற குத்துவிளக்கையே சேலைத் தலைப்பால் காற்று மறைத்துக் கொண்டுவந்து அம்மிக்குப் பக்கத்தில் வைத்தாள். மூலையில் கட்டுக்கட்டாகக் கிடந்த இலையில் நல்லதாக ஒன்று உருவித் துடைத்துப் போட்டாள். அந்தக் கூட்டத்தில் மனுஷி என்று சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மாமாவை ஸ்ட்ரெச்சரில் நிமிர்த்தி இருத்தி, அதைத் தாழ்த்தி இலைக்கு முன்னால் கொண்டுபோனோம். இடது கை மடியில் கிடந்தது. வலது கையால் உப்பு வைத்தார், இஞ்சி, நாரங்காய், பச்சடி, அவியல், எரிசேரி, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். ஒரு பருக்கைகூட இடம் மாறி விழவில்லை. கடைசியில் பிரதமனைக் கரண்டியில் எடுத்து விளம்பி, முகர்ந்து பார்த்தார். "இன்னும் ஒரு கொதி. பொறவு எறக்கீரணும், கேட்டியா" என்று அந்தப் பையனிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்து, "எடு மக்கா, போவோம்" என்றார்.

முன்வாசல் வழியாக விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக்கூடாதாம். வண்டியைப் பின்பக்கம் கொண்டுவரச் சொன்னார்கள். தகராறு பண்ண நேரமில்லை, பின்பக்கமே போனோம். காலைப் பலகாரம் சாப்பிட்ட எச்சில் இலைகளைக் கொட்டி வைத்திருந்த வழி அது. நாயை விரட்டிவிட்டு, வழுக்குகிற இலைகளின் மேல் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினோம். ஊருக்கெல்லாம் சோறு போட்ட மனிதரை அந்த வழியாகத்தான் அனுப்பினார்கள். வண்டியில் ஏற்றியதும் மாமா, "சைரன் போடச் சொல்லாத மக்கா, பிள்ளைக்க கலியாணம்" என்றார். பைலட் அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. "வேண்டாம்னா காதப் பொத்திக்கிடும் ஓய்" என்று சொல்லிவிட்டு, மண்டபத்துச் சுவரை ஒட்டியே சைரனைப் போட்டார். கோட்டாற்றுச் சந்தடி முழுக்க வழிவிட்டு ஒதுங்கியது. அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

மாமா பிழைத்தார். அடைப்பை எடுத்துக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கனம் தூக்கக்கூடாது, அடுப்படியில் வேகக்கூடாது, மற்றபடி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆள் வைத்துச் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். மாமா நாற்காலியே வாங்கிவிட்டார். சித்திரை வந்தது, ஆவணி வந்தது, தை வந்தது. ஒருவரும் விளிக்கவில்லை.

கேட்டால் எவ்வளவு கனிவாகப் பேசுகிறார்கள் தெரியுமா? "சொகமில்லாத மனுசன, எதுக்குப் போட்டு செரமப்படுத்தணும்?" அது முகத்துக்கு நேரே. பின்னால் பேசியது வேறு. தாலி ஏறுமுன் இலை போட்ட கலியாணம். ஆக்குப்புரைக்குள் எமன் வந்துபோன கலியாணம். மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்பிய கொஞ்ச நாளில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள், அதற்கும் அந்த இலைதான் காரணமாம்! துபாய் கம்பெனிக்காரனுக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கும் என்ன சம்பந்தமோ. இவ்வளவுக்கும் அன்றைக்கு ஒரு பந்திகூட எழுந்து போகவில்லை. தவசுப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வரிசையாக உட்கார்ந்து, மறுசோறு கேட்டு, மோர்வரை சாப்பிட்டுத்தான் எழுந்தார்கள். பிரதமன் லேசாக அடிபிடித்துவிட்டது என்ற குறை மட்டும் இன்றைக்கும் பேச்சில் இருக்கிறது.

பெண்ணின் அப்பாவை ஒருநாள் சுசீந்திரம் தேரோட்டத்தில் பார்த்தேன். அவரே வந்து பேசினார். "அன்னைக்கு நீ அவசரப்பட்டு இலையப் போட வச்சியே பிள்ளே, பாத்தியா, இப்போ மருமவன் வீட்டுல இருக்கான்." நான் கேட்டேன், "அவரு அந்த உருளிக்குப் பக்கத்துலயே செத்து விழுந்திருந்தா நல்ல சகுனமா இருந்திருக்குமோ?" அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

பயிற்சி வகுப்புகளில் நோயாளியின் மறுப்பை மதிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்ன வாய்தான் மாமாவுடையது, அந்த வேண்டாம் அந்த மண்டபத்துடையது. அவர் பயந்தது மூடநம்பிக்கை என்று நான் நினைத்தேன். இல்லை, அவருக்கு ஊரைத் தெரிந்திருந்தது. நான் கொடுத்த வாக்கைப் பொய்யாக்கியது இந்த ஊர்தான். இனி எந்த முகத்தோடு அடுத்த ஆளிடம் போய் "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்று சொல்வேன்? இப்போது அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. சுற்றி நிற்பவர்களை முதலில் வெளியே அனுப்புகிறேன். போகாவிட்டால் பைலட் அண்ணன் இருக்கிறார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலையில் அத்தை கூப்பிட்டாள். மாமாவுக்கு மூச்சு முட்டுகிறது. பிழைத்துத்தான் திரும்பினார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னால் மறக்க முடியாதது வேறு. வழியெல்லாம் நான் என்ன பேசுவது, எங்கே தொடங்குவது, டாக்டரை எப்போது போனில் பிடிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே நுழைந்ததும் மாமா கட்டிலிலிருந்து கையை நீட்டினார்.

"நீ ஒண்ணும் கேக்காண்டாம் மக்கா. வாறேன். அடுப்புல ஒண்ணும் இல்லல்லா."

இத்தனை வருட வேலையில் இவ்வளவு சுலபமாக ஒருவர் வண்டிக்குச் சம்மதித்ததில்லை. எனக்கு யாரையாவது பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது. மறுத்திருக்கலாமே மாமா, ஒரு தடவை மறுத்திருக்கலாமே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

மழை விட்டு வெயில் அடித்ததால் அத்தை முற்றத்துக் கயிறு நிறையத் துணி காயப்போட்டிருந்தாள். ஸ்ட்ரெச்சர் போக வழியில்லை. பைலட் அண்ணன் கயிற்றைத் தாங்கி நின்ற துடுப்பை வெடுக்கென்று பிடுங்கித் தரையில் எறியக் கையை ஓங்கினார். மாமா முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை இழுத்து இறக்கினார். மூச்சுக்குத் திணறுகிறவருக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, ஆக்குப்புரையில் கேட்ட அதே குரல்.

"ஓய்! தலைப்பக்கத்தக் கீழ போடாதேயும். மண்ணு ஒட்டும்."

பைலட் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அத்தை ஓடிவந்து துடுப்பை வாங்கிக்கொண்டாள். மாமா மாஸ்க்கைத் தானே சரியாக மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். வண்டிக் கதவைச் சாத்தும்போது பார்த்தேன். துவைத்த துணியெல்லாம் சகதியில் கிடந்தது. அத்தை துடுப்பைத் தரையில் படாமல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி நின்றாள்.